வாய் மூடி

இது கட்டிவிட்ட கதை இல்லை. என் சித்திக்கு நடந்தது. அவள் இன்றைக்கும் வெந்நீரைத் தொடுவதில்லை. சித்தப்பாவையும் சாட்சிக்குக் கூப்பிடலாம்தான். ஆனால் முடியாது.

சித்தப்பா ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்திருந்த சமயம். தினமும் வெந்நீரில் ஊறினால் எழுந்து நடக்கலாம், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் வாங்கியிருந்த பழைய வீட்டின் பின்னறையில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். மோட்டாரைப் போட்டால் அடியிலிருக்கும் ஓட்டை தண்ணீரை உறிஞ்சும். பக்கத்துத் துளைகள் அதையே முதுகில் பீய்ச்சும். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல சித்தி மகிழ்ந்தாள்.

ஒரு நாள் அந்த ஓட்டையின் சல்லடை மூடி இரண்டாக உடைந்து மிதந்தது. தொட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

"பழைய தொட்டி, பழைய புருஷன். ரெண்டுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதுடி" என்று சித்தப்பா சிரித்தார்.

அளவு பார்க்கச் சித்தி ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டாள். பிளாஸ்டிக் குழாய்தானே. ஆனால்... மெத்தென்று இருந்தது. கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டதுபோல. விரலை எடுத்தபோது கோழை நூல் நூலாகக் கூடவே வந்தது. பல் தேய்க்காத வாயின் வாடை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை. அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

தொட்டியின் கரண்ட் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

தண்ணீர் ஆறவில்லை. மறுநாளும் ஆறவில்லை. அதற்கு மறுநாளும். கொதிக்கிற சூடு இல்லை... எச்சில் சூடு.

"இதுல இறங்காதீங்க. அருவருப்பா இருக்கு."

"வலி விடுதுடி. இறக்கி விடு."

வலி விட்டால் போதும் என்று இறக்கிவிட்டாள். அவர் விரல்கள் ஊறிச் சுருங்கின. விடிந்து பார்த்தாலும் அந்தச் சுருக்கம் போகவில்லை.

மூடியைத் தேடி அலைந்தாள். போன கடையிலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பழைய சாமான் பிரித்து விற்கிற கடை.

"அண்ணா, உறிஞ்சுற வாய்க்கு மூடி வேணும்."

"வாய்க்கு மூடியா? எங்க வீட்டுக்கே ஒண்ணு தேவைப்படுதும்மா."

உடைந்த மூடியைக் கையில் வாங்கியதும் கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

"தேடிட்டு போன் பண்றேன்."

வீட்டுக்கு வந்தாள். பின்னறையில் சத்தம்.

ச்சப்... ச்சப்...

மிட்டாய் சப்புவதுபோல.

சித்தப்பா தானே போய் இறங்கியிருந்தார். கழுத்துவரை தண்ணீர். மூடிய கண். உதட்டில் சிரிப்பு. மோட்டார் ஓடவில்லை. அவருடைய குதிகால் ஓட்டைக்குள் இருந்தது.

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

ப்ளக்.

குதிகாலில் வெடிப்பு இல்லை. ரேகை இல்லை. சப்பித் துப்பியதுபோல வழவழப்பு.

சித்திக்குக் குமட்டியது. வாந்தி தண்ணீரில் விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

தண்ணீர் தெளிந்துவிட்டது.

அவரை இழுத்துவந்து கட்டிலில் போட்டாள். போன் அடித்தது.

"மூடி கிடைச்சிருச்சும்மா."

"வேணாம்ணா. தொட்டியையே எடுத்துட்டுப் போயிடுங்க. ஹீட்டரோட."

"ஹீட்டரா? அதுல ஏதும்மா ஹீட்டர்? நான்தானே கழட்டினேன். அந்த மூடியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துச்சு. இந்த ஊர்லயே அப்படித் தொட்டி ஒண்ணுதான்."

"ஏன்... கழட்டினீங்க?"

"முன்னாடி அங்க இருந்த அம்மா அதை எங்கிட்ட வித்துட்டாங்க. இனிமே தேவையில்லையாம். தண்ணி தானாவே சூடா இருக்காம்."

சித்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அவங்க வீட்டுக்காரருக்கு முதுகுவலி. உள்ள ஊறிட்டிருக்கார், சத்தம் போடாம கழட்டுங்கன்னாங்க."

"பார்த்தீங்களா அவரை?"

"அதான்மா... தொட்டியில வெறும் தண்ணிதான் இருந்துச்சு."

சித்தி திரும்பினாள்.

கட்டிலில் போர்வை மட்டும் இருந்தது.

பின்னறையில்...

ச்சப்.