எங்க ஊர் மழை

கால்வேயில் மழைக்கு மன்னிப்புக் கேட்பார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இந்த ஊருக்கு முதியோர் இல்லத்து நர்ஸாக வந்து சேர்ந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு மோரீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வானத்தைக் காட்டி, "ஸாரி அபவுட் த வெதர்" என்றாள். நான் பதறிப்போய், உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெய்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நனைத்துக்கொண்டிருக்கும் நாளுக்கு இங்கே 'ஸாஃப்ட் டே' என்று பெயர். மெத்தென்ற நாள். எனக்குத் தெரிந்த தமிழில் அதற்குச் சாரல் என்று பெயர். இதே சாரலுக்காக ஆனி ஆடியில் குற்றாலத்தில் தங்க அறை கிடைக்காது என்று மோரீனிடம் ஒருநாள் சொன்னேன். நனைவதற்கா காசு கொடுத்து வருகிறார்கள் என்று கேட்டாள். அருவியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

போன ஆனியில் ஊருக்குப் போயிருந்தேன். எப்போதும் போகிற மாதிரி இல்லை. என் கணவர், மகன், நான் மூன்று பேரும் அயர்லாந்துக் குடியுரிமை கேட்டிருந்தோம்; கிடைத்துவிட்டது. திரும்பிப் போனதும் ஒரு மண்டபத்தில் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. இதை ஆய்க்குடியில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணனிடம் போனில் சொல்லத் தைரியம் வராமல், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நானே போனேன். அம்மா அப்பா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அண்ணன்தான். நான் என்றைக்காவது வந்துவிடுவேன் என்று மாடியில் இரண்டு அறை கட்டி, வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கிறான். வாரம் ஒருமுறை மதினி மேலே போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். அந்த அறையில்தான் படுத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து, சொல்லாமலே காபியைக் குடித்து முடித்தேன்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கையில், குற்றாலநாதரையும் தென்காசி விசுவநாதரையும் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அண்ணன் காரை எடுத்தான். மதினி முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். வழியெல்லாம் சாரல்.

குற்றாலநாதர் கோயில் பேரருவியை ஒட்டியே இருக்கிறது. அருவியின் இரைச்சல் சன்னதி வரைக்கும் கூட வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தச் சாமி மேல் ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் இவருக்குத் தலைவலி. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடக்கேயிருந்து வந்த அகத்தியர் இங்கே வந்தபோது இது பெருமாள் கோயிலாக இருந்ததாம். திருநீற்று நெற்றியைப் பார்த்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் நாமம் போட்டுக்கொண்டு வந்து உள்ளே நுழைந்து, நின்ற பெருமாளின் தலையில் கையை வைத்து, குறுகு குறுகு என்று அழுத்தினார். பெருமாள் குறுகி லிங்கம் ஆனார். அழுத்திய விரல்களின் தடம் இன்னும் மேலே இருக்கிறது என்பார்கள். அந்த அழுத்தத்தில் வந்த தலைவலிக்கு இன்றைக்கும் தினமும் மூலிகைத் தைலம் தேய்க்கிறார்கள். அருவிக் குளிரில் சளி பிடிக்காமலிருக்கக் கஷாயமும் உண்டு.

இத்தனை காலமாக அகத்தியரை மட்டும்தான் நான் வெளியூர்க்காரராக நினைத்திருந்தேன். வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்டதும் வேஷத்தை மாற்றிக்கொண்டு உள்ளே போன ஆள். செல்வி என்ற பேரை வேலையிடத்தில் 'செல்' என்று நறுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போன எனக்கு அவரைப் புரியாதா என்ன. அன்றைக்குத் தீபம் காட்டும்போதுதான் உள்ளே இருந்தவரைப் பற்றி யோசித்தேன். அவர் எங்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே வேறொருவர் ஆனார். யாரும் அவரிடம் நீ முன்னே யார், இப்போது யார் என்று கேட்பதில்லை. வலிக்கிறது என்று தெரியும், எண்ணெய் தேய்க்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அயர்லாந்து போன நாளிலிருந்து எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. மதினி அதனால்தான் கண் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"தலைவலியா? இரி, பிரசாதத் தைலம் கேட்டு வாங்குதேன். போம்போது கொண்டு போ" என்றாள்.

"போவுமா மதினி?"

"அவருக்கே இன்னும் போவல. தேய்ச்சிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

வெளியே வந்தோம். மங்குஸ்தான் பழக் கடை ஓரமாக நின்றபோது சாரல் கொஞ்சம் வலுத்தது. ஈரத்தலையோடு ஜனங்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் பழக்க தோஷத்தில் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே, "இது சும்மா சாரல்ணே. எங்க ஊர் மழையின்னா எலும்புக்குள்ள போயிரும்" என்றேன்.

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"எங்க ஊரா?" என்று கேட்டான். பிறகு பழக்காரரிடம் திரும்பி விலை விசாரித்தான்.

ஆங்கிலத்தில் 'our' என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும். அதில் யார் உண்டு, யார் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. நம்ம என்றால் கேட்கிறவனும் உள்ளே. எங்க என்றால் அவன் வெளியே. அண்ணனிடம் போய் யாராவது 'எங்க அம்மா' என்று சொல்வார்களா? சின்ன வயதில் சொல்லியிருந்தால் தலையில் குட்டியிருப்பான். நம்ம அம்மா, நம்ம வீடு, நம்ம ஊர். நாலு வாரமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவித்ததை, என் வாய் என்னைக் கேட்காமல் ஒரே சொல்லில் சொல்லிவிட்டது. அவனுக்கும் முழுதாகப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் தென்காசி வரைக்கும் அவன் பேசவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் உம்முன்னு வாரிய?" என்று மதினி கேட்டாள். கண்ணாடியில் அண்ணனின் முகம் தெரிந்தது. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தென்காசிக் கோயில் வாசலில் காற்று ஒன்று உண்டு. பொதிகையிலிருந்து வருவது. கோபுரத்தை நெருங்கும்போது நேர் எதிரே வந்து வெளியே தள்ளும். வாசலைத் தாண்டியதும் திசை மாறி முதுகில் கை வைத்து உள்ளே தள்ளும். உள்ளூர்ப் பெண்கள் படி ஏறுமுன்பே முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். யார் உள்ளூர், யார் வெளியூர் என்று அங்கே பூ விற்கிறவர்களுக்கு அதை வைத்தே தெரியும். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டு போனதில் மறந்துவிட்டேன். துப்பட்டா கிளம்பிப் பின்னால் வந்தவர் முகத்தில் போய் அடித்தது.

"வெளியூரா? துணியப் பிடிச்சிக்கிட்டுப் போங்கம்மா" என்றாள் பூக்காரம்மா.

வேறொரு நாளாக இருந்திருந்தால் அண்ணன் விட்டிருக்க மாட்டான். நம்ம பிள்ளதான்னு சண்டைக்கே போயிருப்பான். அன்றைக்கு அவன் காதில் விழாதது போல உள்ளே போனான். அவன் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

காசிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பாண்டிய ராஜா கட்டிய கோயில் இது. கனவில் சிவன் வந்து, எறும்பு சாரை போகிற வழியே போ, அது முடிகிற இடத்தில் நான் இருக்கிறேன் என்றாராம். போனார், லிங்கம் இருந்தது. பின்னால் வருகிறவர்களில் யார் இந்தக் கோயிலைச் செப்பனிட்டாலும் அவர் காலில் இப்போதே விழுந்து கும்பிடுகிறேன் என்று கல்லில் எழுதியும் வைத்தார். நானும் அண்ணனும் பிள்ளைகளாக வந்த காலத்தில் மேலே ஒன்றுமில்லாத மொட்டைக் கோபுரம்தான் நின்றது. எறும்புக் கதையைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் பிராகாரத்தில் எறும்பு தேடிக் குனிந்தே சுற்றுவோம். ராஜா எறும்புக்குப் பின்னால் எவ்வளவு தூரம் நடந்தாரோ, பாதியில் திரும்பலாமா என்று தோன்றாமல் இருந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

உலகம்மன் சன்னதிக்கு வெளியே அண்ணன் உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உறுதிமொழி, பாஸ்போர்ட், இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பது எல்லாம்.

கேட்டுவிட்டுத் தரையைத் தடவினான்.

"இனிமே இங்கன வரணும்னா விசா எடுக்கணுமோ?"

"வேண்டாம்ணே. ஒரு அட்டை தருவாவ. எப்ப வேணும்னாலும் வரலாம். ஓட்டு மட்டும் போட முடியாது."

"நீ என்னைக்கு ஓட்டுப் போட்ட?" என்றான். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "சரி. மாடிய வாடகைக்கு விட்ரட்டுமா?"

நியாயமான கேள்வி. விடு என்று சொல்வதுதான் முறை. பூட்டிய அறையைப் பெருக்கிக்கொண்டிருக்க மதினிக்கு என்ன தலையெழுத்தா? துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "வேண்டாம்ணே" என்றேன்.

மதினிதான் பேசினாள். "அங்கனயும் வேணும், இங்கனயும் வேணும். நல்ல கதையா இருக்கே."

"விடு" என்றான் அண்ணன். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனான். அர்ச்சகர் பேரும் நட்சத்திரமும் கேட்டபோது, எப்போதும் போல என் பேரைத்தான் முதலில் சொன்னான். திரும்பும்போது வாசலுக்கு வருமுன்பே துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பூக்காரம்மா கவனித்தாளா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

உறுதிமொழி முடிந்த மறுநாள் அண்ணன் போன் செய்தான். வேலை முடிந்து வந்து, மதினி கொடுத்த தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே."

"ம்." தொண்டையைச் செருமுவது கேட்டது. "நம்ம ஊர்ல மழையா?"

"என்னயக் கேக்க? நீதான அங்கன இருக்க. சீசன் முடிஞ்சிருக்குமே."

"ஏட்டி, ஆய்க்குடிய ஒன்ட்டயா கேப்பேன்? அங்கன உள்ள நம்ம ஊரக் கேக்கேன்."

வெளியே மோரீன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கி மன்னிப்புக் கேட்டாள். நான் அவளுக்குக் கையை ஆட்டிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சாரல்தாண்ணே" என்றேன். "நம்ம ஊர்ல நல்ல சாரல்."