யோகேஸ்வரி அக்காவின் கினிக்கோழிகள்

செவ்வாய்க்கிழமை காலை முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. "அம்மா நித்திரையிலேயே போயிட்டா, அன்ரி" என்றார் யோகேஸ்வரி அக்காவின் மகள். அதே மேசையில் அக்காவும் நானும் பல வருடங்கள் எதிரெதிரே நின்று வேலை செய்திருக்கிறோம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு அகதியாக வந்து, டோர்ட்மண்ட் நகரின் ஓரத்தில், பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர் அக்கா. அவர் ஓய்வு பெற்ற வருடமே கணவர் காலமானார். "வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை, வசந்தி. என்ரை மூச்சே எனக்குக் கேக்குது" என்று ஒருநாள் சொன்னார். அடுத்த வசந்தத்தில் சந்தையிலிருந்து கினிக்கோழிக் குஞ்சுகளோடு வந்து இறங்கினார்.

அவற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊர்க் கோழி மாதிரித்தான் என்று நினைத்து, வெயிலைக் கண்டதும் புல்லில் விட்டார். ஈரப் புல்லில் நனைந்த குஞ்சுகள் குளிர் பிடித்துச் செத்தன. "ஆரையும் கேக்காமல் வாங்கினது என்ரை பிழை" என்று அழுதார்.

ஆனாலும் விடவில்லை. விசாரித்து அறிந்து, மறுபடியும் வாங்கினார். இம்முறை சூடு விளக்கின் கீழ், காய்ந்த தரையில் வளர்த்தார். வளர்ந்த பிறகும் பல வாரங்கள் கூட்டைத் திறக்கவில்லை. "இதுதான் வீடெண்டு அதுகளுக்குப் படவேணும். அவசரப்பட்டுத் திறந்தா மரத்துக்கு மரம் பறந்து போயிடும்" என்றார். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த அந்தக் கூட்டம் தோட்டத்தில் உண்ணி பொறுக்கித் திரிந்தபோது அவர் முகத்தில் பழைய சிரிப்பைக் கண்டேன்.

சத்தம்தான் பிரச்சினை. பூனை வந்தாலும் தபால்காரர் வந்தாலும் எல்லாமாகச் சேர்ந்து கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் பெக்கர், மருத்துவமனையில் இரவு வேலை செய்யும் ஆண் தாதி. பகலில்தான் அவருக்கு நித்திரை. ஒரு மத்தியானம் சிவந்த கண்களோடு வேலியருகே வந்து நின்றார். அன்று காலை கார் ஓட்டிக்கொண்டிருக்கையில் கண் அயர்ந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை.

முன்ஸ்டர் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் பறவைகளைக் கொடுப்பதென்று அக்கா அந்த வாரமே முடிவு செய்தார். மகள் தடுத்தார். "அந்தாள் முறைப்பாடு ஒண்டும் குடுக்கேல்லையே, அம்மா. ஏன் குடுக்கிறியள்?"

"குடுக்கேல்லை. அதுதான் குடுக்கிறன்."

பெக்கரே தன் காரில் அவற்றை ஏற்றிப் போனார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் அவருக்குத் தேநீர். பின்னர் பகல் வேலைக்கு மாறியபோது, பறவைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அவராகவே கேட்டார். அக்கா மறுத்துவிட்டார். "இப்ப அதுகளுக்கு அங்கைதான் வீடு. இன்னொருக்கா மாறச் சொல்லி நான் கேக்கமாட்டன்."

நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் தோட்டத்தோடு வீடு எடுத்தபோது, எனக்கும் அந்த ஆசை வந்தது. என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "ஒண்டு ரெண்டு வாங்காதேங்கோ, கூட்டமா இருந்தால்தான் சீவிக்கும். ஆனால் அதுக்கு முதல், வேலிக்கு அங்காலை ஆர் நித்திரை கொள்ளினம் எண்டு பாருங்கோ" என்றார். பக்கத்தில் கைக்குழந்தை இருந்தது. நான் வாங்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் பெக்கர் அக்காவையும் என்னையும் அந்தப் பண்ணைக்கு அழைத்துப் போனார். அக்கா "பா, பா" என்று கூப்பிட்டார். பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தீன் வாளியோடு போன விவசாயியின் மனைவிக்குப் பின்னால் ஓடின. எனக்கு மனம் சங்கடப்பட்டது. அக்காவோ, "நல்லாப் பழகியிட்டுதுகள்" என்று நிறைவோடு சொல்லி, அவை மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இறுதிச் சடங்கில் பெக்கர் என்னிடம் வந்து, தமிழில் எப்படி விடைகொடுப்பது என்று கேட்டார். "போட்டு வாங்கோ" என்று சொல்லிக்கொடுத்து, போய்விட்டுத் திரும்பி வாருங்கள் என்பது பொருள் என்றேன். அவர் பெட்டியருகே குனிந்து, எழுத்து எழுத்தாக அதைச் சொன்னார்.

நானும் அதையே சொன்னேன், அக்கா.