கடைசியில் நடப்பவள்

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் ஓட்டியவளை எல்லாரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான்கு மாடிக் கட்டிடம். இழுத்துச் சாத்த வேண்டிய கம்பிக் கதவு, ஐந்து பொத்தான், ஒரு மடக்கு ஸ்டூல். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் ஸ்டூலை மடக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டிக்கொள்வாள். "தினமும் நானூறு மாடி ஏறி இறங்குறேன். ஆனா இத்தனை வருஷத்துல ஒரு அடி முன்னால போனதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்தோராவது வயதில் கால் வீங்க ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடி போய்ச் சேருவதற்குள் வைத்தியத்தை முடித்துவிட்டார்.

"வெளியில நடங்க. மாத்திரை எழுதிக் குடுத்தா அதையும் உக்காந்துகிட்டேதான் முழுங்குவீங்க."

கதவு திறந்தது. அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் இதை அவள் சும்மா பேச்சுவாக்கில் வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். காதில் விழுந்த எதையும் உடனே நகல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். தங்கைக்குப் போன் போட்டார். அந்தத் தங்கை, அதாவது லிஃப்ட் அக்காவின் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். போதாக்குறைக்கு ஊர் நலச் சங்கத்தின் செயலாளர். ஏரிக்கரையில் குப்பை பொறுக்குவது, மழைக்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்வது, பூங்காவில் ஓட்டப்பந்தயம் வைப்பது, மாதத்தில் இரண்டு ஞாயிறு கூட்டமாக நடைப்பயணம் போவது எல்லாம் சங்கத்தின் வேலை. அதாவது நாத்தனாரின் வேலை. அடுத்த ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு வாசலில் விசில் சத்தம் கேட்டது.

முதல் நடை மலையடிவாரத்தில் ஆறு கிலோமீட்டர். போனவர்கள் முப்பத்தெட்டு பேர். முப்பத்தேழு பேர் திரும்பி வந்து, டீ குடித்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து நாற்பது நிமிஷம் கழித்து லிஃப்ட் அக்கா வந்து சேர்ந்தாள். டிரில் டீச்சர் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, உங்க ஒருத்தருக்காக பஸ்ஸையே நிறுத்தி வச்சிருக்கேன். கொஞ்சம் எட்டிப் போடக் கூடாதா?"

"நான் வராம பஸ் போகாதுன்னு தெரிஞ்சுதான் நிதானமா வந்தேன்."

பஸ் சிரித்தது. லிஃப்ட் அக்கா கைப்பையைத் திறந்து வழியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். ஒரு தொப்பி, ஒரு மூக்குக் கண்ணாடி, யாருடைய ஷூவிலிருந்தோ பிய்ந்து விழுந்த அடித்தோல், ஒரு சாவிக்கொத்து. சாவிக்கொத்து டிரில் டீச்சருடையது. அதில்தான் ஸ்கூட்டர் சாவி, வீட்டுச் சாவி, சங்கத்து அலமாரிச் சாவி மூன்றும் இருந்தன. டீச்சர் இடுப்பிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நடைக்கு ஒரு ஆரஞ்சு நிற மேலங்கி தயாரானது. முதுகில் 'கடைசி ஆள்' என்று ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து ஒட்டியிருந்தது. அந்த அங்கிக்குப் பின்னால் ஒருவரும் நடக்கக் கூடாது, அங்கி வந்து சேராமல் பஸ் கிளம்பக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. மெதுவாக நடப்பதற்காகப் பதவி வாங்கியவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

ஆறு வருஷம் அப்படிப் போயிற்று. கால் வீக்கம் முதல் வருஷத்திலேயே வடிந்துவிட்டது. ஆனால் அவள் பின்னாலேயே இருந்தாள். வரிசையின் கடைசிக்கு வருகிறவர்கள் யார் யார் என்று அவளுக்கு அத்துப்படி. போட்டோ ஸ்டுடியோக்காரர் பறவையைக் கண்டால் கல்லாய் நின்றுவிடுவார். சண்டை போடுவதற்கென்றே பின்தங்கும் ஒரு தம்பதி உண்டு. மேட்டில் ஏறும்போது ஆரம்பித்து, இறக்கத்தில் சமாதானமாகிவிடுவார்கள். சிலர் அவளிடம் எதையாவது சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே வேகத்தைக் குறைப்பார்கள். லிஃப்டில் தலைக்கு மேலே நடக்கிற பேச்சைக் கேட்டும் முகம் திருப்பாமல் இருந்து பழகியவள் என்பதால், அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். அறுபத்தெட்டு வயது. மனைவி இறந்து நான்கு வருஷம். எல்லாரும் தபால் சார் என்பார்கள். எந்த நடைக்கும் அவள்தான் கடைசி, அவர்தான் கடைசிக்கு முந்தினவர். வலது முழங்காலில் எலாஸ்டிக் பட்டை சுற்றியிருப்பார். நான்கு கிலோமீட்டர் தாண்டினால் அது நழுவும். நழுவினால் கால்சட்டையைத் தொடைவரை சுருட்டித் திரும்பச் சுற்ற வேண்டும். அது அவருக்குப் பெரிய கூச்சம். ஒரு மரமோ சுவரோ பார்த்து மறைவுக்குப் போவார். லிஃப்ட் அக்கா பாதையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் அவர் "ம்" என்பார். அவள் "போலாமா சார்?" என்பாள். இரண்டு பேரும் நடப்பார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. வேறு யாருக்கும் தெரியவும் தெரியாது.

சங்கத்துக்கு இருபத்தைந்தாம் வருஷம் வந்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் பெருநடை. மூன்று பஸ்ஸிலும் ஒரு பைக்கிலுமாக நூற்றி முப்பத்தோரு பேர் வந்தார்கள். நகராட்சித் தலைவரும் கொஞ்ச தூரம் நடந்தார். ஐந்தாவது கிலோமீட்டரில் தண்ணீரைப் பார்த்தாற்போல் ஒரு தங்குகூடம் இருந்தது, அங்கேதான் விழா. லிஃப்ட் அக்காவுக்குச் சான்றிதழ் கொடுப்பதாக டிரில் டீச்சர் யாருக்கும் சொல்லாமல் ஏற்பாடு செய்திருந்தாள். நான்காவது கிலோமீட்டருக்குச் சற்று முன்னால், பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வரிசையைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடி வந்தார்.

"அக்கா, டீச்சர் உங்களை உடனே முன்னாடி வரச் சொன்னாங்க. அங்கியை எங்கிட்ட குடுங்க. நான் பாத்துக்கறேன்."

தபால் சார் அப்போது வளைவுக்கு அப்பால் போயிருந்தார். அவள் கழற்றிக் கொடுத்தாள். நடந்தாள். வரிசையின் பக்கவாட்டில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போகப்போக அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கால் தானாகப் போயிற்று. கடைசியில் முன்னால் ஒருவர் முதுகும் இல்லை. தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. காற்று நேராக முகத்தில் அடித்தது. தங்குகூடத்தில் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு டிரில் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, மிச்ச தூரத்தையும் முன்வரிசையிலேயே நடக்க வைத்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தடவைகூடத் தான் திரும்பிப் பார்க்கவில்லை என்பது பஸ்ஸுக்கு வந்த பிறகுதான் லிஃப்ட் அக்காவுக்கு உறைத்தது.

தலை எண்ணினார்கள். நூற்றி முப்பது. மறுபடி எண்ணினார்கள். நூற்றி முப்பதுதான்.

எலக்ட்ரீஷியன் ஆரஞ்சு அங்கியோடு இரண்டாவது பஸ்ஸில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார். டிரில் டீச்சர் அவர் மேல் பாய்ந்தாள்.

"நீங்க கடைசியாத்தானே வந்தீங்க?"

"கடைசியாத்தான் டீச்சர் வந்தேன். திரும்பித் திரும்பிப் பாத்தேன். எனக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல."

அவர் சொன்னது பொய்யில்லை. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்த்தால் தெரியாது.

யார் வரவில்லை என்று லிஃப்ட் அக்காவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கே என்றும் தெரிந்துவிட்டது. நான்காவது கிலோமீட்டரில் மறைவு என்று சொல்ல ஒரே ஒரு இடம்தான், பழைய பம்ப் ரூம்.

"உன் பைக் இங்கதானே இருக்கு? எடு" என்றாள் எலக்ட்ரீஷியனிடம். அவர் அரைப் பன்னை வாயில் வைத்தபடியே இறங்கி ஓடினார்.

கரைமேல் போகிற ரோட்டில் மதகுவரை பைக்கில் போய், அங்கிருந்து பத்து நிமிஷம் செடிகொடிகளுக்குள் நடந்தார்கள். மணி பத்தே முக்கால். வெயில் சுள்ளென்று அடித்தது. பம்ப் ரூமின் பின்படியில் தபால் சார் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. வலது கால் நீட்டியபடி இருந்தது; கணுக்கால் பந்தாக வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் முதலில் சுருட்டியிருந்த கால்சட்டையைத்தான் இழுத்துவிட்டார்.

"எங்கம்மா போயிட்டீங்க?"

"சான்றிதழ் வாங்கப் போயிட்டேன் சார்."

"ஓ" என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நீங்க பின்னாலேயே வர்றீங்கன்னு நெனச்சுதான் ஒதுங்கினேன். 'ம்'னு சொன்னேன். பதில் இல்ல. யார்கூடவோ பேசிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் எட்டிப் பாத்தா பாதையில ஆளையே காணோம். பின்னாடியே ஓடிப் பிடிச்சிடலாம்னு வேகமா காலை வச்சேன். பாசி."

"சத்தமா கத்தியிருக்கலாமே சார்? முன்னாடி போனவங்களுக்குக் கேட்டிருக்குமே."

"முப்பத்தாறு வருஷம் வாசல் வாசலா நின்னு 'தபால்'னு கத்தியாச்சு. வேற என்னன்னு கத்துறதுன்னு தெரியல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் இன்னொரு பக்கம் கொடுத்தார். நடுவழியில் அவர், "என்மேலதான் தப்பு சார்" என்று நான்கு தடவை சொல்லிவிட்டார். தபால் சார் ஐந்தாவது தடவைக்கு முன்னால், "தம்பி, மூச்சை மிச்சம் பிடிங்க" என்றார்.

எலும்பு முறிந்திருந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. இருந்தும் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்டூலில் இருந்த ஆளை எழுப்பிவிட்டு, அவளே கதவைச் சாத்தி, அவளே பொத்தானை அழுத்தி, சக்கர நாற்காலியை மூன்றாம் மாடிக்குக் கொண்டு போனாள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்.

புதன்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. நூலகத்துக்கு மேலே, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட அறை. டிரில் டீச்சர் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அறுபது வயது தாண்டியவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் நடைக்கு வரக் கூடாது. முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் வரவே கூடாது. எலக்ட்ரீஷியனை ஒரு வருஷம் தள்ளி வைப்பது. படித்து முடித்ததும் ஆட்சேபணை உண்டா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாள். ஆறு வருஷத்தில் கூட்டத்தில் வாயே திறக்காத லிஃப்ட் அக்கா எழுந்தாள்.

"எலக்ட்ரீஷியனை எதுக்குத் தள்ளி வைக்கணும்? இடத்தை விட்டுப் போனது நான். கூப்பிட்டது நீ."

முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு நெனச்சது தப்பா அண்ணி?"

"தப்பில்ல. நடந்து முடிச்சப்புறம் பண்ணியிருந்தா தப்பே இல்ல. நடு வழியில வச்சது, அங்க போட்டோ நல்லா விழும்னுதானே?" பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எனக்கும் முன்னாடி நடக்கப் பிடிச்சிருந்துச்சு. அதுல அவரை மறந்துட்டேன். அது என் தப்பு. அதுக்கு அறுபது வயசுக்காரங்களை ஏன் வீட்டுல உக்கார வைக்கிற?"

டிரில் டீச்சர் தீர்மானத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். தீர்மானம் நிறைவேறவில்லை. அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் ஐந்து வாரம் தலைகாட்டவும் இல்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் பாடுதான் திண்டாட்டம். தங்கை கடைக்கு வந்தால் மனைவியைப் பற்றிக் கேட்க மாட்டாள். மனைவி வீட்டில் தங்கையைப் பற்றிக் கேட்க மாட்டாள். "ரெண்டு பேரும் என்கிட்ட மட்டும்தான் நல்லா பேசறாங்க. அதுதான் பயமா இருக்கு" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார்.

ஆறாவது சனிக்கிழமை மத்தியானம் டிரில் டீச்சர் வந்தாள். நலம் விசாரிக்கவில்லை. சுருட்டிவைத்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளரை வைத்தாள்.

"அரைத் தூர நடைன்னு தனியா ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். மெதுவா வர்றவங்களுக்கு. வாய்க்கால் கரையில மூணு கிலோமீட்டர். இதுல எங்கெங்க நின்னு போகணும்னு எனக்குத் தெரியல அண்ணி. நான் ஒரு நாளும் அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்ததில்ல."

லிஃப்ட் அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். இந்த வளைவில் நிழல் உண்டு, ஆனால் எறும்பு. இந்தப் பாலத்தில் கைப்பிடி ஆடுகிறது. இங்கே ஸ்டுடியோக்காரருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டும். இங்கே பாதி மறைவாக ஒரு சுவர், அதன் பக்கத்தில் ஒருவர் எப்போதும் நின்றாக வேண்டும். ஏன் என்று டிரில் டீச்சர் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பென்சிலால் குறித்தாள். இரண்டு தடவை டீ ஆயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்:

"அன்னிக்கு எவ்ளோ வேகமா வந்தீங்க தெரியுமா? என்னாலயே ஈடு குடுக்க முடியல. அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா பின்னாடியே வர்றீங்க?"

"முன்னாடி இவ்ளோ நல்லா இருக்கும்னு யாரும் சொல்லலையே." லிஃப்ட் அக்கா கொஞ்சம் யோசித்தாள். "மாசத்துல ஒரு ஞாயிறு நீ பின்னாடி வா. நான் முன்னாடி போறேன்."

அப்படியே ஆயிற்று. அரைத் தூர நடையின் முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர், கடைசியாக வந்து சேருவதற்கு வெட்கப்பட்டு அதுவரை சங்கத்தின் பக்கமே வராதவர்கள். தபால் சார் ஐந்து மாதம் கழித்துக் கைத்தடியோடு வந்தார். பெரிய நடைகளுக்கு அவர் திரும்ப வரவே இல்லை. அந்தக் கால் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

டிரில் டீச்சர் முதன்முதலாக ஆரஞ்சு அங்கி மாட்டிய ஞாயிறன்று, எல்லாரும் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டார்கள். பின்னாலிருந்து விசில் ஊதியே விரட்டியிருக்கிறாள். ஸ்டுடியோக்காரர் ஒரு குருவியைக்கூடப் படம் எடுக்க முடியவில்லை என்று புலம்பினார். சண்டைக்காரத் தம்பதி பாதிச் சண்டையிலேயே பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். மீதியை பஸ்ஸில் எல்லாரும் கேட்க வேண்டியதாயிற்று. அடுத்த கூட்டத்தில், கடைசி ஆள் விசில் வைத்திருக்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. தான் எதிர்த்துக் கை தூக்கவில்லை என்பதைத் தன் பெருந்தன்மையாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும்படி டிரில் டீச்சர் எல்லாரையும் கேட்டுக்கொண்டாள்.