அண்ணன் திருப்பி வைத்த படகு

மாலை நாலேகால் மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இருவர் தாங்கிக் கரைக்கு அழைத்து வந்தார்கள். ஆஸ்பத்திரி நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில். சுற்றிப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்துப் படகோட்டியும் அன்று ஊரில் இல்லை. "நான் கொண்டு போறேம்மா" என்று என் மகன் படகுக்கு ஓடினான். அவன் தனியாக அதை ஓட்டியதே இல்லை. தாங்கி வந்தவர்களில் ஒருவர் மட்டும் அண்ணனோடு ஏறினார்; பாரம் கூடும் என்று என்னைக் கரையில் நிறுத்திவிட்டார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் பிறந்தவர். அப்பா இறந்ததும் தம் படிப்பை விட்டு, தொழிற்சாலை இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். பின்னாளில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மேஸ்திரியாகி, எல்லோருக்கும் 'பாஸ்' ஆனார். நான் கணவரை இழந்தபின் என் பிள்ளைக்குத் தகப்பனும் அவரே.

ஆற்றை மறித்து அணை கட்டியபோது கீழ்ப் பிரிவு லயங்களும் மாரியம்மன் கோயிலும் நீருக்குள் போயின. சிலையை மேட்டுக்குக் கொண்டுவந்தோம். பீடத்தைப் பெயர்க்க முடியவில்லை. அந்த இடத்தைக் காட்ட நட்ட மூங்கிலின் நுனி இன்றும் தெரிகிறது. அதன்மேல் யாரும் படகு விடுவதில்லை. மூங்கிலுக்கும் பக்கத்தில் நிற்கும் பட்ட மரங்களுக்கும் நடுவே சட்டென்று வளைந்து போக வேண்டும். முன்பெல்லாம் படகின் பழைய மோட்டரோ அவ்வளவு திரும்பாது. அதன் உடம்பு பின்பலகையில் இடிக்கும். படகு மரத்தில் போய் முட்டும்.

"நேரா விட்டா முடிஞ்சுது பாஸ். சாமிதான் மேல வந்துருச்சே!" என்று படகோட்டி கேலி செய்வார்.

"ஒங்க அம்மா ஒக்காந்திருந்த எடத்து மேல மோட்டர் ஓட்டுவியா? பேசாம அந்த அரத்தை எடு" என்பார் அண்ணன்.

மோட்டர் பலகையை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கும்படி இரும்பில் ஒரு தாங்கி செய்தார். திருப்பத்தைத் தடுத்த முனையை அரத்தால் தேய்த்தார். முதல் ஓட்டத்தில் அது அளவுக்கு மீறித் திரும்பி, படகு சுழன்று, கணக்கப்பிள்ளையின் குடை தண்ணீரில் விழுந்தது.

"பாஸ், இது படகா, ராட்டினமா?"

"குடைதானே போச்சு ஐயா, தலை இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டே ஒரு சிறு இரும்புத் தடை வைத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் திரும்பச் செய்தார். அதன்பின் பிள்ளைத்தாய்ச்சிகள்கூடப் பயமின்றி அக்கரை போனார்கள்.

நெஞ்சு வலி வந்த அன்று கரையில் நின்ற எனக்கு, மூங்கில் இருந்த திசையில் மோட்டர் சத்தம் தேய்ந்து கேட்டது, மறுபடி எழுந்தது, பிறகு கேட்கவே இல்லை. அண்ணனையும் பிள்ளையையும் ஒரே தண்ணீரில் அனுப்பிவிட்டேனே என்று துடித்தேன். ஓராண்டு கடந்தும் அந்த நடுக்கம் போகவில்லை. அப்போது என்னைப் பிடித்துக்கொண்டு நின்ற லயத்துப் பெண்களுக்கும், அக்கரையில் விளக்கோடு நீரில் இறங்கிப் படகைப் பிடித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், கடைசிக் காரியம் வரை கூட இருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இருட்டிய பிறகு மகன் படகில் வந்து இறங்கினான். உடன் போனவர் வரவில்லை; அண்ணனும் வரவில்லை. அவன் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"மூங்கில்கிட்ட வந்ததும், நேரா விட்டுரட்டுமா மாமான்னு கேட்டேன். அவரால பேச முடியல. கையாலயே திருப்புன்னாரு. திருப்புனேன். ஒரே மூச்சுல திரும்பிருச்சும்மா, ஒரு மரத்துலயும் படல. மாமா சிரிச்சாரு. கரை சேர்ற வரைக்கும் அந்தச் சிரிப்பு மாறல. அதனாலதான்மா… மாமா போனது எனக்குத் தெரியல."