தகரத்துக்கு அந்தப் பக்கம்

எங்கள் கல்லியின் வாயைத் தகரம் வைத்து அடைத்த அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் ஒரு கடப்பாரை கிடைத்திருந்தால் நானே பிடுங்கிப் போட்டிருப்பேன். மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக வேலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் சந்து அது; இங்கே கல்லி என்பார்கள். பக்கத்துச் சந்தில் இரண்டு பேருக்குக் கொரோனா என்றதும், மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்துவிட்டார்கள். ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அதில் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு போலீஸ்காரர். வேலைக்குப் போகிறவர்களையும் பால்காரரையும் மட்டும் விடுவார்.

நான் அந்தச் சந்துக்கு மருமகளாக வந்தவள். பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆன்லைனில் பாடம் எடுக்கச் சொல்லி பள்ளியிலிருந்து தினமும் மெசேஜ் வரும். யாருக்கு எடுப்பது? வீட்டுக்கு ஒரு போன், அது அப்பாவோடு ஃபேக்டரிக்குப் போய்விடும். பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அம்மன் கோயில் ஞாபகம் வந்தது. சந்தின் நடுவில் இருக்கும் சின்னக் கோயில். கூழ் வார்க்கும் விழாவுக்கென்று வாங்கிய ஒலிபெருக்கிகள் அங்கே துணி போர்த்திக் கிடந்தன. கோயில் கமிட்டித் தலைவரிடம் போனேன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் ரிட்டயர் ஆனவர், என் மாமனாரின் சிநேகிதர், அதனால் எனக்கு மாமா முறை. கல்லுளிமங்கன் என்றால் அவர்தான். சாமிக்கு வாங்கினதில் வாய்ப்பாடா என்று கேட்டார். சாமியும் பல வருஷமாக ஒரே பாட்டைத்தானே கேட்கிறாள், கொஞ்சம் கணக்கும் கேட்கட்டும் என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் சாவியை எடுத்துக் கொடுத்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் யாரும் குறை சொல்லக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

மறுநாள் காலையிலிருந்து பிள்ளைகள் அவரவர் வாசற்படியில் நோட்டோடு உட்கார்ந்தார்கள். நான் கோயிலிலிருந்து மைக்கில் சொல்ல, அவர்கள் கத்துவார்கள். அந்த வாரத்திலேயே எதிர்வீட்டு அண்ணி குழம்பு தாளித்துக்கொண்டே ஆறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வார்டு மெம்பர் ஒரு நாள் வந்தார். மைக்கைக் கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார், ரேஷன் பையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

எங்கள் சந்தில் ஒருத்தி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆயா. அவளுடைய பையன் என் வகுப்பு. அவளைக் கொரோனா வார்டு டியூட்டியில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் கமிட்டி கூடியது. கோயில் முன்னால் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வார்டு டியூட்டி முடியும் வரை அவள் சந்துக்குள் வரக் கூடாது என்று முடிவானது. நான் சண்டை போட்டேன். கைதட்டச் சொன்னபோது தட்டினீர்களே, அது யாருக்கு என்று கேட்டேன். தலைவர் அமைதியாக, என் வீட்டுக்காரிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அவளுக்கு வந்தால் நீ பார்ப்பாயா என்றார். வார்டு மெம்பருக்குப் போன் போட்டேன். நான் சொன்னதும் சரி என்றார், தலைவர் சொன்னதும் சரி என்றார். அந்த மனுஷனுக்கு ஓட்டுப் போட்ட கையை என்ன செய்வது?

இத்தனைக்கும் தலைவரின் மனைவியைக் கைத்தாங்கலாக டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தவளே அந்த ஆயாதான். துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து அவள் புருஷன் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். தினமும் நைட் டியூட்டி முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போகாமல் இங்கே வந்து, தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறாளாம். பாடம் முடிந்ததும் போய்விடுவாளாம். இடைவெளிப் பக்கம் மட்டும் வரமாட்டாள். பையன் பார்த்தால் ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று பயம். டீச்சர் குரல் நல்லாக் கேட்குது, பிள்ளை குரல்தான் கேட்கவில்லை என்று சொன்னாளாம். அவர்கள் வீடு சந்தின் கடைக்கோடியில். இருபது பிள்ளைகள் கத்துகிறதில் அவன் குரல் தகரம் வரைக்கும் எப்படிக் கேட்கும்? அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பையனைக் கோயிலுக்கு வரச் சொல்லி மைக்கைக் கொடுத்தேன். நீ சொல்லு, மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும் என்றேன். காரணம் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் என்னைப் பார்த்துச் சொன்னான். மூன்றாவது நாள் தகரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நம் சனங்களுக்கு இது பொறுக்குமா? தினமும் அவனுக்கே ஏன் மைக், எங்கள் பிள்ளைக்கு வாயில்லையா என்று ஆரம்பித்தார்கள். கொரோனா வார்டுக்காரி பிள்ளை பிடித்த மைக்கை நாளைக்கு யார் பிடிப்பது என்றும் ஒருத்தி சொன்னாள். அவன் அம்மாவைக் கண்ணால் பார்த்தே வாரக்கணக்காகிறது என்பது அவளுக்கும் தெரியும். தலைவர் காதுக்குப் போயிற்று. ஒரு நாள் பாடத்தின் நடுவில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். சாவியைக் கொடு என்று கையை நீட்டினார்.

"தரேன் மாமா. அதுக்கு முன்னால தகரத்துக்கு அந்தாண்ட போய் ஒரு தரம் பாத்துட்டு வாங்க."

என்ன நினைத்தாரோ, போனார். போலீஸ்காரரைத் தாண்டி, இடைவெளியில் தலையை நீட்டினார். பையன் ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தான். அவர் தலையை நீட்டியபடியே நின்றார். பிறகு தெரிந்துகொண்டேன், அவள் நீல யூனிஃபார்மோடு, வெயிலில், தகரத்தில் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறாள். இவரைப் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தார். பையன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஏதாவது தாறுமாறாகச் சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் தலைவர் பேசறேன். எல்லாரும் கேளுங்க. அம்மாடி, நீ வீட்டுக்கு வா. இன்னிக்கே வா. எவன் இன்னா சொல்றான்னு நான் பாத்துக்கறேன்."

சந்து முழுக்க அடுப்புச் சத்தம்கூட நின்றுவிட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"வேணாம் மாமா. நேத்து வார்டுல மூணு பேர் போயிட்டாங்க. என் மேல இன்னா ஒட்டிக்கினு இருக்குன்னு எனக்கே தெரியாது. அத்தைக்கு ஏதாவது ஆனா நான் தாங்க மாட்டேன். புள்ள வாய்ப்பாடு சொல்லட்டும், கேட்டுட்டுப் போறேன்."

தலைவர் மைக்கைப் பிடித்தபடி நின்றார். கல்லுளிமங்கன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து மாஸ்க்கில் இறங்கியது. எனக்கும்தான். பையனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுவான், தகரத்தைப் பார்த்து ஓடுவான், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக நின்றேன்.

அவன் ஓடவில்லை. தலைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். செவன் டென்ஸ் ஆர் செவன்ட்டி என்று முடித்தவன் நிறுத்தாமல் எட்டுக்குப் போனான். எட்டு முடிந்ததும் ஒன்பது. நான் சொல்லிக்கொடுத்தது அதோடு சரி. பத்து அவனாகவே வந்தது, பதினொன்று ஓடியது, பன்னிரண்டில் தடுக்கியது. நிறுத்தினால் அவள் போய்விடுவாள். பதின்மூன்றில் வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சொன்னான். தர்ட்டீன் ஃபோர்ஸ் ஆர் சிக்ஸ்ட்டி என்றான். மற்ற பிள்ளைகளும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.

தப்புக் கணக்கைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்கார்ந்து திருத்துகிறவள் நான். தலைவர் என்னைப் பார்த்தார். சொல்லட்டும் மாமா என்று கையைக் காட்டினேன். அவன் பதினான்குக்குப் போனான்.