காவேரித் தண்ணீரில் கலக்க வேண்டிய மருந்து

அந்த ஆடி மாதத்தில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஸ்ரீரங்கத்து மாமா ஒரு சொம்பு காவேரித் தண்ணீர் கொண்டுவந்தார்.
2. நான் அதைப் புதினாப் பாத்தியில் ஊற்றினேன்.
3. அவர் மனைவிக்கான மருந்து குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது.
4. மறுநாள் அப்பாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.
5. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. திருச்சியில் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் அப்பா இங்கிலீஷ் மருந்துக்கடை வைத்திருந்தார். டாக்டர் எழுதித் தரும் சீட்டுப்படி கம்பவுண்டர் மருந்து கலப்பார். அதற்கான தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டும் தாளில் வடித்துத் தருவது என் வேலை. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது.

ஸ்ரீரங்கத்து மாமிக்கு மூன்று மாதமாக இருமலும் காய்ச்சலும். காவேரித் தண்ணீர் தவிர வேறெந்தத் தண்ணீரையும் வாயில் வைக்காதவர். "நம்மாத்துச் சொம்பு, நம்ம காவேரி ஜலம், மருந்து மட்டும்தான் அவா போடுவா" என்று மாமா கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார். அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார். இதற்கென்று கடையில் ஒரு தனிப் பாத்திரமே உண்டு. நோன்பு மாதத்தில் ராவுத்தர் வீடுகளுக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, மருந்து வேளைகளை மாற்றி எழுதித் தருவதும் அப்பாவின் வழக்கம். "ஊருக்கெல்லாம் முதலாளியோட சீர்வரிசை" என்று கம்பவுண்டர் கேலி செய்வார்.

ஆடியில் ஆறு செம்மண்ணாக வந்தது. மூன்று தாள் கிழிந்தும் சொம்புத் தண்ணீர் வடியவில்லை. பக்கத்தில் காய்ச்சி ஆறிய குழாய்த் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. எது சுத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"குழாய்லயும் காவேரிதானேப்பா வருது?" என்றேன், மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்ட அப்பாவிடம்.

"வருது. அவங்க கொண்டுவந்தது வரலையே."

கம்பவுண்டர் குறுக்கிட்டார். "முதலாளி, இப்பதான் அந்தம்மாவுக்குக் காய்ச்சல் விட ஆரம்பிச்சிருக்கு. போய்ச் சொன்னீங்கன்னா மருந்தையே நிறுத்திடுவாங்க. புண்ணியமா போகும், பேசாம இருங்க."

"நிறுத்தினாலும் நிறுத்தலாம்" என்றார் அப்பா. என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

உத்தர வீதியில் அவர்கள் வாசலில் நின்றபடியே அப்பா நடந்ததைச் சொன்னார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஓய், இதை எங்கிட்ட ஏன் சொல்றீர்? தெரியாம நிம்மதியா இருந்திருப்பேனே! அவ காதுல விழுந்துடப்போறது!"

விழுந்துதான்விட்டது. உள்ளே இருமல் கேட்டது. பிறகு முற்றத்தில் மருந்து கொட்டும் சத்தம். "குடிச்ச ரெண்டு வேளையை என்ன பண்றதாம்?" என்றது மாமியின் குரல்.

மூன்று நாட்கள் மாமாவைக் காணவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா தெருவைப் பார்த்தார். இரண்டாம் நாள் இரவு ஜெபத்தில் ஸ்ரீரங்கத்து மாமிக்காக மாதாவிடம் ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லவைத்தார். இதையும் போய் அவர்களிடம் சொல்லவேண்டுமா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள்.

நான்காம் நாள் காலையில் மாமா சொம்போடு வந்தார்.

"ராத்திரியெல்லாம் இருமித் தள்ளிட்டா. வேற கடைக்குப் போறேன்னேன். 'அங்க தப்பு நடந்தா யார் வந்து சொல்லப்போறா, உங்க தோப்பனாரா?'ங்கறா. பிடியும். நான் இங்கேயே உக்காந்து பாக்கப்போறேன்."

முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து வடிகட்டும் தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

அவர் போன பிறகு கம்பவுண்டர் மருந்து அளக்கும் கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து அப்பாவின் மேஜைமேல் வைத்தார்.

"அடி அளவுக்கோடு அழிஞ்சு ரெண்டு மாசமாச்சு, முதலாளி. கண் திட்டத்துலதான் ஊத்திட்டு வரேன்."

அவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா, "யார் யாருக்கு?" என்று கேட்டு ஒரு தாளை எடுத்தார். மத்தியானம்வரை இருவரும் பெயர்களை எழுதினார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு பக்கமாகக் கிளம்பிப் போனார்கள்.

இரண்டும் வெவ்வேறு சம்பவங்கள் என்றே அன்று நினைத்தேன். ஒன்று தண்ணீர் சம்பந்தமானது, மற்றது கண்ணாடி சம்பந்தமானது. இரண்டு மாதம் பேசாமல் இருந்த மனிதர் அன்றைக்கென்று ஏன் அதை எடுத்துவந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

மாமி ஐப்பசியில் எழுந்து நடமாடினார். இப்போது நானும் கம்பவுண்டர் பரீட்சை தேறி இரண்டு வருடமாகிறது. எங்கள் கடையிலேயே பழைய கம்பவுண்டருக்குப் பக்கத்து மேஜையில் மருந்து கலக்கிறேன். போன வாரம் ஒரு சீட்டைத் தவறாகப் படித்துவிட்டேன். மருந்து போன பிறகுதான் தெரிந்தது. உடனே அவரிடம் சொன்னேன். "எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார்.