படிக்கு முன்னால் நான்கு விரல் இடம்

பொழியூரில் அண்ணன் வீட்டுப் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் கிடையாது. நீலத்துக்கு நடுவே ஜி.ஐ. குழாய் வெள்ளையாகத் தெரியும். பார்க்கிறவர்கள் என் வேலையைக் குறை சொல்வார்கள். சொல்லட்டும்.

சர்க்கரை நோயில் அண்ணனுக்குக் கண் பார்வை போனபோது அந்தக் கம்பியை வெல்டிங் செய்து போட்டவன் நான். அடுக்களை வாசலிலிருந்து வெளியே இருக்கும் குளியலறை வரை. நடுவில் இரண்டு படி. யார் துணையும் இல்லாமல் அங்கே போய்வருவது அவருக்கு மானப் பிரச்சினை. லீவு நாளில் வெல்டிங் செய்து பழகிய எனக்குப் பெயிண்ட் விஷயத்தில் மட்டும் பொறுமை கிடையாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வழுவழுப்பானது. சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, அதற்கென்று உள்ள பிரைமரை அடித்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். நானோ, வீட்டு கேட்டுக்கு வாங்கி மிச்சமிருந்த, சாதா இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடை அப்படியே பூசி, மேலே நீலத்தை அடித்தேன். மறுநாள் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபைக்காரர்கள் பார்க்க வேண்டுமே!

“கழுவண்டாமா மக்கா? கடல்காத்து உப்பு உண்டு” என்று அண்ணன் மனைவி, என் மைனி, கேட்கத்தான் செய்தார்.

“புதுக் கம்பியாக்கும் மைனி” என்றேன், பெரிய மேஸ்திரி போல.

நாலே மாதத்தில் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்தது. அண்ணன் இறுக்கிப் பிடிக்கும் படிப்பக்கம்தான் முதலில். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு சனிக்கிழமை போய், முழுதும் சுரண்டி, கழுவி, தேய்த்து, முறைப்படி அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. பெயிண்ட் காய்ந்து அண்ணன் கம்பியைப் பிடித்து நடந்த முதல் நாளே படியில் விழுந்தார்.

முழங்காலில் நல்ல அடி. அதுகூடப் பரவாயில்லை, அதன் பிறகு மைனியின் தோளைப் பிடிக்காமல் அவர் வெளியே இறங்கவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

“எலே, நல்லாத்தான் அடிச்சிருக்கே. உரிஞ்ச எடம் கையில தட்டினா படி வந்தாச்சுண்ணு எனக்குத் தெரியும். இப்போ எல்லாம் ஒண்ணுபோல இருக்கு” என்றார் அண்ணன், நான் பார்க்கப் போனபோது. கோபமே இல்லை.

அன்றே அவர் கையை வைத்து இடம் பார்த்து, படிக்கு முன்னால் நான்கு விரல் அகலத்துக்குச் சுரண்டினேன். மறுநாள் மைனி போனில், “தனியா போயிட்டு வந்தாச்சு” என்றார்.

அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது. போன மாதம் கம்பிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கப் போனேன். இனி எதற்கு என்று அந்த இடத்துக்கும் பிரஷைக் கொண்டு போனேன்.

“அதுல அடிக்காத மக்கா” என்றார் மைனி. “எனக்கும் இப்போ கண்ணு சரியில்ல. அதத் தடவித்தான் படி எறங்குதேன்.”

பிரஷைக் கீழே வைத்துவிட்டு, பெயிண்ட் படாமலிருக்க அந்த நான்கு விரல் இடத்தைச் சுற்றி டேப்பை ஒட்டினேன்.